கரும்பலகையில் நான் எழுதிய ஒரு சொல்

போன ஆடி மாதம் ஒரு வியாழக்கிழமை, உயிரோடு இருக்கும் ஒரு பெண்ணை நான் இறந்தவளாக எழுதிவிட்டேன். நம் கோயில் தாயாரை நம்பும் சகோதரிகளே, எனக்குக் கூட்டத்தில் எழுந்து பேச வராது. அதனால் எழுதிக் கொடுக்கிறேன். ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஸ்ரீரங்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறேன். அங்கே தினமும் ஒரு குடும்பம் சாப்பாடு போடும். பிறந்தநாள், திவசம், வேண்டுதல் என்று ஏதாவது இருக்கும். அதைச் சாப்பாட்டுக் கூடத்துப் பலகையில் எழுதி, படம் பிடித்து அவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். படத்தைப் பார்த்தால்தான் கொடுத்தவர்களுக்கு மனசு நிறையும். என் கையெழுத்து தெளிவாக இருக்கும் என்று அந்த வேலையை எனக்குக் கொடுத்தார்கள். யாரிடமும் பேச வேண்டாம் என்பதால் எனக்கும் பிடித்திருந்தது.

அன்று நிர்வாகி சுமதி அவசரமாக வந்து சொன்னாள். "அம்மா, இன்னைக்கு நம்ம வெங்காய மண்டி ஐயா வீட்டுச் சாப்பாடு. அவங்க சம்சாரம் கமலாவுக்கு மதியம் ஆபரேஷன். நல்லாகணும்னு போடுறாங்க. எழுதி அனுப்பிடுங்க."

காந்தி மார்க்கெட்டில் மண்டி வைத்திருப்பவர் அவர். வாராவாரம் எங்களுக்கு வெங்காயம் அனுப்புகிறவர். நான் அந்த அம்மாவை மனதார நினைத்துக்கொண்டு, "இன்றைய உணவு திருமதி கமலா அவர்களின் நினைவாக" என்று எழுதினேன். படமும் அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் சுமதிக்குப் போன் வந்தது. பேசிவிட்டு ஓடி வந்தாள்.

"ஐயோ அம்மா, நினைவாகன்னா செத்துப் போனவங்களுக்குப் போடுறதுங்க! அவர் ஆஸ்பத்திரியில உக்காந்து கத்துறாரு. இனிமே உங்க சங்காத்தமே வேண்டாங்கிறாரு!"

பாசமாக நினைத்துக்கொள்வதும் நினைவுதானே என்று இருந்துவிட்டேனே! என் எழுத்து பலித்துவிட்டால்? பலகையை அழித்தேன். ஈரத்துணியால் திரும்பத் திரும்பத் துடைத்தேன். போன படத்தை எதை வைத்துத் துடைப்பது?

தாயார் சன்னதிக்கு ஓடினேன். "தாயே, என் கை எழுதினதை நீ அழிச்சிடு. தண்டனைன்னா எனக்குக் கொடு. அவளை விட்டுடு." அது ஒன்றுதான் கேட்டேன். அழக்கூட வரவில்லை.

பிறகு எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, டவுன் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கே போனேன். ஆபரேஷன் அறைக்கு வெளியே மண்டிக்காரர் நின்றிருந்தார். "ஐயா, அதை எழுதினது நான்தாங்க" என்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"அவ உள்ள இருக்கா. இப்ப எதுவும் பேசாதீங்கம்மா. போயிடுங்க."

போக மனம் வரவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து தாயாரை விடாமல் கூப்பிட்டேன். கதவு திறக்கும் போதெல்லாம் எட்டிப் பார்த்தேன். சாயங்காலம் நர்ஸ் வந்து, "நல்லபடியா முடிஞ்சுது" என்றார். சத்தம் போடாமல் எழுந்து பஸ் ஏறினேன். ஆனாலும் பயம் விடவில்லை. அடுத்து இரண்டு நாள் நான் சுண்ணக்கட்டியைத் தொடவில்லை.

மூன்றாம் நாள் கமலா அம்மா என்னை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டு அனுப்பினார்கள். பயந்துகொண்டே போனேன். படுக்கையில் இருந்தபடி என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"உள்ள போறதுக்கு முன்னாடி அந்தப் படத்தை முதல்ல பார்த்தது நான்தாங்கக்கா. பயந்து நடுங்கிட்டிருந்தேன். இத்தனை பேர் என்னை நினைச்சுக்கிட்டுச் சாப்பிடுறாங்களேன்னு தெம்பா உள்ள போனேன். நீங்க அஞ்சாவது படிச்சவங்கன்னு சுமதி சொன்னாங்க, நானும் அஞ்சாவதுதான். எனக்கு அப்படித்தான் புரிஞ்சுது. இந்தப் படிச்ச மனுஷனுக்குத்தான் நான் செத்த மாதிரி தெரிஞ்சிருக்கு!"

மண்டிக்காரர் தலையைச் சொறிந்தார். "சிரிக்காதடி, தையல் பிரிஞ்சிடும்" என்றார்.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அழித்துவிடு என்றுதான் தாயாரிடம் கேட்டேன். அவளோ அழிக்காமல், நான் நினைத்த அர்த்தத்திலேயே அதைக் கமலாவின் கண்ணில் காட்டிவிட்டாள்.

இப்போது எழுதும் முன் நானே ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்கிறேன். "யாருக்காகப் போடுறீங்க? எப்படி எழுதட்டும்?" என்று கேட்கிறேன். இன்னும் குரல் நடுங்குகிறது. ஆனால் அவர்கள் தங்கள் வீட்டுக் கவலையெல்லாம் சொல்கிறார்கள். நான் அதைச் சன்னதியில் போய்ச் சொல்கிறேன்.

உங்கள் கையாலும் ஏதாவது தப்பு நடந்து, தூங்க முடியாமல் இருக்கலாம். முதலில் தாயாரிடம் சொல்லுங்கள். அப்புறம் எழுந்து, யாருக்குத் தப்பு செய்தீர்களோ அவர்களிடமே போங்கள். நமக்கு முன்னாலேயே அவள் அங்கே போயிருப்பாள்.