இறங்காத பேட்டரி

பேட்டரியம்மா சம்பளம் வாங்கியதே பயப்படுவதற்குத்தான். டெலிபோன் எக்ஸ்சேஞ்சின் பேட்டரி அறையில் இருபத்தெட்டு வருஷம் வேலை. கரண்ட் போனால் ஊர் மொத்தமும் பேசுவது அந்த அறையின் தயவில். ஒரு தடவை சார்ஜ் இறங்கி, முக்கால் மணி நேரம் ஊரே ஊமையாகிவிட்டது. அந்த நேரத்தில் யார் யாருக்கு ஆம்புலன்ஸ் தேவைப்பட்டதோ என்று நினைத்து நினைத்து அவள் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. அதற்கப்புறம் சூப்பர்வைசர் பேட்டரி அறைக் கதவுக்கு மேலே பெரிய எழுத்தில் எழுதி வைத்தார்: பாதிக்குக் கீழே இறங்க விடாதே. அது அவள் ரத்தத்தில் ஊறிவிட்டது. பக்கத்து அறை ஜெனரேட்டர் அவள் காதுகளைத் தின்றது தனிக்கதை. ரிட்டயர் ஆகும்போது அவள் வீட்டுக்குக் கொண்டுவந்தவை இரண்டு: இந்தப் பயமும், காதில் மாட்டிக்கொள்ளும் மெஷினும்.

வீட்டுக்காரர் லாரி ஓட்டியவர். நாற்பது வருஷம் புகையும் தூசியும் தின்ற நுரையீரல் கடைசியில் கையை விரித்துவிட்டது. ராத்திரி பகல் எந்நேரமும் மூக்கில் குழாய் இருக்க வேண்டும் என்று சொல்லி டாக்டர் கரண்டில் ஓடும் ஓர் ஆக்ஸிஜன் மெஷினைக் கொடுத்தார். லாரிக்காரர் சம்மதித்தார், ஆனால் வீட்டுக்குள் அடைந்து கிடக்க மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

"நாலு சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க என்னால ஆகாது. எனக்கு ரோடு வேணும்."

படுக்கையும் அடுப்பும் வைத்த பழைய வீட்டு வண்டி ஒன்று வாசலில் வந்து நின்றது. அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். வண்டிக்குள் அந்த மெஷினை ஓட்டப்போகும் பேட்டரிகளை அவள்தான் பார்த்து வாங்குவாள்.

கடைக்காரர் முதலில் லாரி பேட்டரியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"இது எஞ்சினக் கிளப்பத்தாங்க லாயக்கு. ஒரே ஓட்டமா ஓடிட்டு உக்காந்துடும். எனக்கு நாள் முழுக்க நடக்கிறது வேணும். டீப் சைக்கிள் இருக்கா?"

ஆள் தெரியாமல் வாயைக் கொடுத்துவிட்டோம் என்று கடைக்காரருக்குப் புரிந்தது. லித்தியம் பேட்டரியைக் காட்டினார். கனமில்லை, தண்ணீர் ஊற்ற வேண்டாம், வெகுநாள் உழைக்கும் என்றார்.

"மூடியத் திறந்து பாக்கலாமா?"

"அதத் திறக்கவே கூடாதும்மா."

"உள்ள என்ன நடக்குதுன்னு தெரியாதத நான் நம்ப மாட்டேன்."

கடைசியில் தடித்த ஈயத் தகடு போட்ட ஆறு வோல்ட் பேட்டரி நான்கு எடுத்தாள். நான்கும் ஒரே மாதத்தில் தயாரானவையா என்று முத்திரையைப் பார்த்தாள். ஒவ்வொன்றாகத் தூக்கி, கனம் குறைந்த ஒன்றைத் திருப்பிக் கொடுத்தாள். "தங்கம் வாங்குறவங்ககூட இவ்வளவு பாக்க மாட்டாங்க" என்று கடைக்காரர் முனகியது அவள் காதில் விழவில்லை. விழுந்திருந்தாலும் அவள் கவலைப்பட்டிருக்க மாட்டாள்.

வண்டிக்குள் இருந்த பெஞ்சுக்கு அடியில் அவற்றுக்கு ஒரு பெட்டி. சார்ஜ் ஏறும்போது கிளம்பும் வாயுவில் ஒரு பொறி பட்டால் போதும், வெடித்துவிடும். அதற்காக வெளியே ஒரு குழாய். மாதம் ஒருமுறை, சார்ஜ் முழுக்க ஏறிய பிறகு, தகடு மூழ்கும் அளவுக்கு டிஸ்டில்டு வாட்டர். பன்னிரண்டு செல்லிலும் ஹைட்ரோமீட்டரை விட்டு அமிலத்தின் கனத்தைப் பார்ப்பாள்; கனம் குறைந்தால் சார்ஜ் குறைந்தது என்று அர்த்தம். முனைகளில் பூத்த வெள்ளைப் பொடியைச் சோடா உப்புத் தண்ணீரில் கழுவி வாஸ்லைன் தடவுவாள்.

"என் முட்டிக்கு ஒரு நாளாவது இப்படித் தடவியிருக்கியா?" என்பார் லாரிக்காரர்.

"உங்க முட்டி நின்னா ஒண்ணும் ஆகாது. இது நின்னா?" என்பாள் அவள். சொல்லிக்கொண்டே அடுத்த முனைக்கு வாஸ்லைனை எடுப்பாள்.

ஓர் ஆற்றைத் தாண்டி ஏரிக்கரையில் வண்டியை நிறுத்திய அன்று வானம் மூடிக்கொண்டது. விடாத மழை. ஆறு பெருகி, பாலத்தை அடைத்துவிட்டார்கள். அங்கே கரண்டும் கிடையாது, கூரைமேல் இருந்த சோலார் தகடு பேருக்கு ஏதோ கொடுத்தது. எஞ்சினை ஓடவிட்டு சார்ஜ் ஏற்றலாம்தான். ஆனால் இருந்த டீசல் ஆஸ்பத்திரி வரை போகவே சரியாக இருக்கும். அதைத் தொட அவளுக்குக் கை வரவில்லை.

கதவோரம் இருந்த மீட்டர் எண்பத்தைந்து சதவீதம் காட்டியது. அடுத்த இரண்டு நாளும் அவள் அதையே பார்த்தாள். அடுப்புக்கும் மீட்டருக்கும், படுக்கைக்கும் மீட்டருக்குமாக நடந்தாள். "அம்பதுக்குக் கீழ போயிடக் கூடாது, போயிடவே கூடாது" என்று முணுமுணுத்தாள். காது மந்தமானவர்களின் முணுமுணுப்பு எட்டு வீட்டுக்குக் கேட்கும். இது ஒரே ஒரு வண்டி.

மூன்றாம் நாள் காலையில் மீட்டர் ஐம்பத்தெட்டில் நின்றது. முதலில் அவளுக்குப் பெருமையாக இருந்தது. என்ன பேட்டரி, என்ன பேட்டரி! பிறகு விரல் விட்டுக் கணக்குப் போட்டாள். இந்நேரம் முப்பதுக்குக் கீழே போயிருக்க வேண்டும். பயம் இப்போதுதான் நிஜமாகப் பிடித்தது. மீட்டர் பொய் சொல்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை, சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடப் போகிறது!

பெட்டியைத் திறந்து, பன்னிரண்டு செல்லையும் பார்த்தாள். அமிலம் மீட்டரோடு ஒத்துப்போனது. பேட்டரியில் சார்ஜ் இருக்கிறது. அப்படியென்றால் அதை எதுவோ சாப்பிடவில்லை. வண்டியில் அவ்வளவு சாப்பிடுவது ஒன்றே ஒன்றுதான்.

லாரிக்காரர் இரண்டு நாளாகக் காலையில் தலைவலி என்றார். நேற்று இடது செருப்பை வலது காலில் போட்டுக்கொண்டு வெகுநேரம் அதையே பார்த்தார். உதடு கறுத்திருந்தது. குளிர் என்று நினைத்து அவள் கம்பளியைப் போர்த்திவிட்டாள்.

மெஷினின் முதுகில் அது ஓடிய மொத்த மணி நேரம் ஒரு சின்னச் சன்னலில் தெரியும். வண்டியை நிறுத்திய அன்றே அதைக் குறித்து வைத்திருந்தாள், அவள் எதைத்தான் குறிக்காமல் விட்டாள்? நாற்பத்தெட்டு கூடியிருக்க வேண்டும். முப்பதுதான் கூடியிருந்தது. நேரே அவர் படுக்கைக்குப் போனாள்.

"என்னங்க, மெஷின எப்ப நிறுத்துனீங்க?"

"நான் எதுக்கு நிறுத்தப் போறேன்?"

"பதினெட்டு மணி நேரம் ஓடலைங்க."

அவர் கூரையைப் பார்த்தார். "நீ காதுல இருக்கறதக் கழட்டி வச்சுட்டுத் தூங்குன பிறகு. அப்புறம்… நீ ஆத்தப் பாக்கப் போறப்ப."

"ஏங்க? என்னத்துக்கு?"

"அம்பதுக்குக் கீழ போனா நின்னுடும்ல?" ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் அவருக்கு இளைத்தது. "பாலம் தொறக்கிற வரைக்கும் மிச்சம் புடிப்போம்னு பாத்தேன். அதோட, ஒரு நம்பர் குறைஞ்சா உன் மூஞ்சி போற போக்கப் பாக்க முடியல. நான் மூச்சு விட்டா உனக்கு மூச்சு நிக்குது. நான் எப்படி விடறது?"

"அம்பதுல நின்னுடும்னு யார் சொன்னா?"

"நீதான். ரெண்டு நாளா வேற எதப் பேசுன?"

ஐம்பதில் எதுவும் நிற்காது. இருபது வரைக்கும் மெஷின் ஓடும். ஆழமாக இறக்கிக்கொண்டே இருந்தால் பேட்டரி சீக்கிரம் கெட்டுப்போகும், அந்தச் சட்டம் அதற்குத்தான். இது அவளுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். பயத்தில் எங்கேயோ போட்டுவிட்டாள்.

"நிக்காதுங்க. பேட்டரிக்குத்தான் ஆயுசு குறையும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. லாரிக்காரர் அவளையே பார்த்தார்.

"அப்ப ரெண்டு நாளா பேட்டரி ஆயுசுக்காகவா நான் மூச்சப் புடிச்சிட்டுக் கெடந்தேன்?"

சிரிக்கப் போய் இருமல் பிடித்துக்கொண்டது. அவள் ஓடிப்போய் மெஷின் ஓடுகிறதா என்று பார்த்தாள், குழாயை மூக்கில் சரிசெய்தாள். "அறிவிருக்கா உங்களுக்கு?" என்று திட்டிக்கொண்டே அழுதாள். அது அவரைத் திட்டியதா, தன்னையே திட்டிக்கொண்டதா என்று அவளுக்கே தெரியாது.

மத்தியானம் பாலத்துக் காவல்காரர் குடையோடு வந்து, தண்ணீர் வடிகிறது, நாளைக் காலை எட்டு மணிக்குத் திறப்பார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் கணக்குப் போட்டாள். மெஷின் நிற்காமல் ஓடினால் காலை எட்டு மணிக்கு இருபத்திரண்டு இருக்கும். நூலிழைதான். பாலம் ஒரு மணி நேரம் தாமதித்தால்? அந்த டீசல் இருக்கிறது. அதற்கு மேல் யோசிக்கத் தைரியம் வரவில்லை.

சாயங்காலம் நாலு மணிக்கு மீட்டர் நாற்பத்தொன்பது ஆனது. கதவுக்கு மேலே அந்த எழுத்து ஏறிய நாள் முதல் அவள் பார்வையில் எந்தப் பேட்டரியும் அந்த எண்ணுக்கு இறங்கியதில்லை.

"எவ்வளவு?" படுக்கையிலிருந்து கேட்டார். அங்கிருந்து மீட்டர் தெரியாது.

"அறுபது."

"காலைல அம்பத்தெட்டு. வெயிலே இல்லாம ஏறிடுச்சா?"

அவள் திரும்பினாள். முகத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. சிரித்துப் பார்த்தாள், வரவில்லை. அவர் கை சுவிட்சுப் பக்கம் நகர்வதைக் கண்டதும் ஒரே எட்டில் போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாப்பத்தொம்பதுங்க. எனக்குப் பயமாத்தான் இருக்கு. இருந்துட்டுப் போகுது. நீங்க மூச்ச விடுங்க."

லாரிக்காரர் விட்டார்.