அலைகடல் கோதண்டராமன்

என் அக்கா சரசு என்னோடு ஒன்பது வருஷம் பேசாமல் இருந்தாள். அதற்குக் காரணம் நிருபர் கோதண்டராமன். இதை அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். இப்போதும் சொல்கிறேன்.

எழுபத்து நாலில் திருவண்ணாமலை பஸ் நிலையத்துக்குப் பின்னால் வாடகை சைக்கிள் கடை திறந்தேன். அவசரத்தில் பார்த்த நல்ல நேரம், யாரையும் அழைக்கவில்லை. நின்றவர்கள் ஏழெட்டுப் பேர். அதில் இரண்டு பேர் காற்றடிக்க வந்தவர்கள். அரிசி மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டே பத்திரிகைக்குச் செய்தி அனுப்பும் கோதண்டராமனும் வந்து ஒரு சோடா குடித்துவிட்டுப் போனார். இரண்டு நாள் கழித்துப் பேப்பரில் வந்தது: ‘புதிய சைக்கிள் நிலையம் திறப்பு. அலைகடலெனத் திரண்டனர் மக்கள்.’

அக்காவைக் கட்டிக்கொடுத்த அடி அண்ணாமலையில் என் மச்சான் அதை டீக்கடையில் சத்தமாகப் படித்திருக்கிறார். ஊரே கடலாகப் போயிருக்கிறது, கூடப்பிறந்தவளுக்கு ஒரு வார்த்தை இல்லையா என்று அக்கா அன்றைக்கே உறவை முறித்துக்கொண்டாள்.

நிருபரைப் பின்னால் உட்காரவைத்து அவள் வீட்டுக்கு மிதித்தேன். ஏழெட்டுப் பேர்தான் என்று அவர் சத்தியம் பண்ணினார். அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. அவரிடம் மட்டும் பேசினாள்.

“பேப்பர்ல போட்டது பொய்னா, அதையும் பேப்பர்லயே போடுங்க.”

அதை மட்டும் அவர் செய்யவில்லை. கடலையே பார்க்காத மனுஷனுக்கு அந்த வார்த்தைமேல் அப்படி ஒரு ஆசை. தீபத்துக்கு அலைகடல், மண்ணெண்ணெய் வரிசைக்கு அலைகடல், தேர்தல் வந்தால் கட்சிக்குக் கட்சி ஓர் அலை. நானும் விடவில்லை. அவர் சைக்கிள் கேட்டால் பெல் இல்லாததாகப் பார்த்துக் கொடுப்பேன். வாயாலேயே மணியடித்துக்கொண்டு போவார்.

எண்பதில் ஒரு கல்யாணத்துக்குப் பாண்டிச்சேரி போனவர், வெறுங்காலோடு திரும்பினார். செருப்பைக் கரையில் கழற்றிவிட்டு மேலே உட்கார்ந்து வேடிக்கை பார்த்திருக்கிறார். பொழுது சாயச் சாயத் தண்ணீர் ஏறி வந்து செருப்பைக் கொண்டுபோய்விட்டது.

“ஏறி வரும்போது அது ஒண்ணையும் விட்டுவைக்கல, தருமா. நான் முப்பது பேரைப் போயி அப்படி எழுதிக்கினு இருந்தேன்” என்றார்.

அதற்கப்புறம் தலையை எண்ணித்தான் எழுதினார். கட்சிக்காரர்கள் மண்டி வாசலில் வந்து சத்தம் போட்டார்கள். மனுஷன் அசையவில்லை.

எண்பத்து மூன்றில் அக்கா என் கடைக்கே வந்தாள். மகனுக்குக் கல்யாணம் வைத்திருந்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டேன், உட்காரவில்லை.

“உன் கடைக்கு மட்டும்தான் அலைகடலா? எம்புள்ள கல்யாணத்துக்கும் பேப்பர்ல அப்படியே வரணும். வந்தா உன் வூட்டுல கை நனைக்கறேன். இல்லன்னா இதோட சரி.”

நிருபர் வீட்டுக்கு ஓடினேன். மகளோடு இருக்கலாம் என்று வேலூருக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் முதலில் சிரித்தார். பிறகு, மாட்டேன் என்றார். நான் அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மூட்டையைப் பிரித்துப் பேனாவை எடுத்தார். எழுதின தாளை என் சட்டைப் பையில் அவரே செருகினார். அதற்குப் பின் நான் அவரைப் பார்க்கவில்லை. செருகும்போது அவர் சொன்னதுதான் கடைசி.

“அலைகடல்னு போட்டிருக்கேன். அதை நெசமாக்க வேண்டியது நீ. உன் சொந்தத்துல ஒருத்தரையும் விடாத, பேச்சு வார்த்தை இல்லாதவன் வூட்டுக்கும் போ. போயி, நீயே கூப்பிடு. ஜனம் வந்து நின்னுச்சுன்னா மட்டும் இதைத் தபால்ல போடு.”