ஜவ்வாது மலையில் என்னைக் கடித்த பாம்பு

பாம்பு என்னைத்தான் கடித்தது என்று ஒரு மணி முப்பத்தைந்து நிமிடம் நான் முழு மனதோடு நம்பினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வீட்டில் அன்று பாம்பு கடித்தது உண்மை. கட்டுவிரியன். ஆள்தான் வேறு. கடிபட்டவன் விக்கி. அது அவனுக்கும் தெரியாது. தெரியாதவன் சும்மா இருந்தான். கடிபடாத நான் ஊரைக் கூட்டினேன்.

ஆரணியில் ஒரு டூவீலர் சர்வீஸ் நிலையத்தில் பில் போடுவது என் வேலை. வயது ஐம்பத்தொன்று. உடன் வேலை பார்க்கும் ஐந்து பையன்கள் ஐப்பசியில் ஒரு சனி, ஞாயிறு ஜவ்வாது மலைக்குப் போகத் திட்டம் போட்டார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை. "மலையெல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடுடா, நான் இல்லாம போனா வழி தெரியாம நிப்பீங்க" என்று நானே ஒட்டிக்கொண்டேன். மலையோடு என் மொத்த உறவு இருபது வருடத்துக்கு முன்பு ஜமுனாமரத்தூர் சந்தைக்கு ஒருமுறை போய், வளைவுக்கு ஒன்றாக வாந்தி எடுத்துக்கொண்டே இறங்கியதுதான்.

சனிக்கிழமை காலை 6.10. ஆரணியிலிருந்து புறப்பட்டோம். வேன் வாடகை இரண்டு நாளைக்கு ஆறாயிரம், டீசல் எங்களுடையது. ஓட்டுநர் ஏழுமலை மலையடிவாரத்துக்காரர், பேச்சு குறைவு. போளூரில் நின்று டீ குடித்துவிட்டு மலைச்சாலையைப் பிடித்தோம். நெல்வயலும் கரும்பும் கீழே சுருங்கிக்கொண்டே போயின. மழை பெய்து ஓய்ந்திருந்ததால் பாறைகளெல்லாம் கறுத்து மின்னின. புளியமரங்களுக்கு நடுவே மேகம் சாலைக்கே இறங்கி வந்தது. இதெல்லாம் பையன்கள் பிறகு சொன்னது. நான் கண்ணை மூடியிருந்தேன்.

"இன்னாண்ணே, கண்ண மூடிகினு வர்றதுக்கு வூட்லயே படுத்திருக்கலாம்ல" என்றான் விக்கி.

விக்கிக்கு இருபத்திரண்டு வயது. வாட்டர் வாஷ் பிரிவு. நாள் முழுக்கத் தண்ணீரில் நிற்பதால் அவன் விரல் நுனிகள் எப்போதும் ஊறிச் சுருங்கியிருக்கும். ஆட்டோ ஓட்டும் அப்பாவுக்கு ஒரே பிள்ளை. வேனில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பிளாஸ்டிக் பையைப் பிரித்து என் மோவாய்க்குக் கீழே பிடித்துக்கொண்டு வந்தவன் அவன்தான். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு முன்னால் போய்விட்டார்கள்.

9.30. ஜமுனாமரத்தூர். வேன் மீட்டர்படி எழுபத்தொரு கிலோமீட்டர். டீ பன்னிரண்டு ரூபாய். காற்றில் ஈர மண்ணும் பலா இலையும் கலந்த ஒரு வாசனை. பையன்கள் இரண்டு கூடாரம் கொண்டுவந்திருந்தார்கள், அருவிப் பக்கம் போட்டுத் தங்குவதாக. நான் தடுத்தேன்.

"கூடாரத்துல பாம்பு வரும்டா. நாலு சுவரு, ஒரு கதவு, அதுதான் சேஃப்டி."

"அண்ணே, உங்களுக்குப் பயம்னா பயம்னு சொல்லுங்க, பாம்பு மேல பழிய போடாதீங்க" என்றான் சதீஷ். மெக்கானிக், வாய் அதிகம். ஆனால் மூத்தவன் பேச்சுக்கு அன்று ஓட்டு விழுந்தது. ஏழுமலைக்குத் தெரிந்த வெள்ளையன் என்ற விவசாயியின் வீட்டில் தங்க ஏற்பாடானது. ஜமுனாமரத்தூரிலிருந்து ஒன்பது கிலோமீட்டர். கடைசி மூன்று மண் சாலை. செல்போனுக்குச் சிக்னல் கிடையாது.

பகல் 12.00 முதல் 4.30 வரை. பீமன் அருவியில் பையன்கள் குளித்தார்கள். நான் துண்டுகளுக்குக் காவல் இருந்தேன். பாறைச் சரிவில் சாமை அறுத்த வயல்கள் வெளிர் மஞ்சளாகக் கிடந்தன. அதற்குமேல் காடு, அதற்குமேல் ஒன்றுமில்லாத வெள்ளை. சதீஷ் பாறையில் சறுக்கி விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டான். நான் உடனே திரும்பிப் போகலாமா என்று கேட்டேன். அதற்குப் பையன்கள் சிரித்த சிரிப்பு அருவிச் சத்தத்தை மீறிக் கேட்டது.

மாலை 7.30. வெள்ளையன் வீட்டில் சாமைச் சோறும் நாட்டுக்கோழிக் குழம்பும். ஆளுக்கு இருநூற்றைம்பது. வெள்ளையனுக்கு நாற்பது வயதிருக்கும். எங்களுக்கு விட்ட அறையில் ஒரு சுவரோரம் முழுக்க அன்றைய அறுவடைச் சாமை மூட்டைகள்.

"மூட்டை ஓரம் படுக்காதீங்க. எலி ஓடும்" என்றார் அவர்.

ஏழுமலை வேனிலேயே படுத்துக்கொண்டார். அறையில் ஆறு பாய். எப்படிப் போட்டாலும் ஒன்று மூட்டை ஓரம்தான் வந்தது. அதில் நான் ஏற்கெனவே பையை வைத்து இடம் பிடித்திருந்தேன். சுவர்ப்பக்கம்தான் மரியாதையான இடம் என்று நினைப்பு. படுத்த ஐந்தாம் நிமிடம் மூட்டைக்குள் கரகர என்றது. எழுந்து உட்கார்ந்தேன்.

"விக்கி, எனக்கு ராத்திரி ரெண்டு தடவ எழுந்து போவணும்டா. கதவுப் பக்கம்தான் சரிப்படும். நீ இங்க வா."

"எலிதானே அண்ணே?" என்றான் மெதுவாக, மற்றவர்களுக்குக் கேட்காமல். "வாங்க, மாத்திக்கலாம்."

ஞாயிறு காலை 5.40. கதவிடுக்கில் வெளிச்சம். காலைச் சொறியலாம் என்று லுங்கியை விலக்கினேன். வலது கெண்டைக்காலில் சிவப்பாக இரண்டு புள்ளி. பக்கத்தில் பக்கத்தில், அளந்து வைத்ததுபோல.

அதற்குப் பிறகு நான் செய்ததை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. முதலில் ஒரு சத்தம் போட்டேன். அது மனிதச் சத்தமில்லை என்று சதீஷ் சொல்கிறான். துண்டைக் கிழித்து முழங்காலுக்கு மேல் கட்டினேன். பதற்றத்தில் இடது காலில் கட்டிவிட்டேன். போனின் ரகசிய எண்ணை ஐந்து பேருக்கும் சொன்னேன். சிக்னல் இல்லாத போனில் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டேன். எதற்கென்று அவளே கேட்டிருந்தாலும் என்னால் சொல்லியிருக்க முடியாது.

வெள்ளையன் ஓடிவந்து விளக்கைப் பிடித்துப் பார்த்தார்.

"வீக்கம் இல்லீங்களே. எரியுதா?"

"எரியுது, குத்துது, மரத்துப் போவுது, எல்லாம் பண்ணுது."

"எல்லாம் ஒண்ணாப் பண்ணாதுங்க" என்று இழுத்தார். நான் அழ ஆரம்பித்ததும் ஏழுமலையை எழுப்பப் போனார்.

விக்கி மூட்டையில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "எனக்கும் வயிறு முறுக்கிகினே கீதுடா. நாலு மணியிலர்ந்து" என்றான்.

"நேத்து கோழிய நீதானே முடிச்ச" என்றான் சதீஷ். எல்லோரும் சிரித்தார்கள். சாகப்போகிறவன் பக்கத்தில் சிரிக்கிறார்களே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. என்னைத்தான் சொல்கிறேன்.

6.15. என்னை நான்கு பேர் தூக்கி வேனில் வைத்தார்கள். நடு இருக்கை மூன்று பேர் உட்காரக்கூடியது. அதில் காலை நீட்டிப் படுத்தேன். விக்கி வாசல்வரை வந்தான். நடை கொஞ்சம் தள்ளாடியது. தூக்கம் தெளியாதவன்போல இமை பாதி இறங்கியிருந்தது.

"ஆஸ்பத்திரிக்குத்தானே போறீங்க. நானும் வர்றேண்ணே. வயித்துக்கு ஒரு ஊசி போட்டுக்கறேன்."

"நீ வந்து வாந்தி எடுப்ப, அதப் பாத்து எனக்கு வரும், விஷம் தலைக்கு ஏறிடும். இங்கயே படுடா."

முந்தைய நாள் என் வாந்தியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவன். சரி என்று தலையாட்டிவிட்டு உள்ளே போனான். மற்ற நான்கு பேரையும் நான் விடவில்லை. கையை ஒருவன், தலையை ஒருவன், காலை இருவர் பிடித்துக்கொண்டே வர வேண்டும். ஆட்டினால் விஷம் ஏறும் என்று எங்கேயோ கேட்டிருந்ததால், மெதுவாகப் போகச் சொல்லி ஏழுமலையைத் திட்டினேன். ஒன்பது கிலோமீட்டருக்கு ஐம்பது நிமிடம் ஆனது.

7.05. ஜமுனாமரத்தூர் ஆஸ்பத்திரி. பணியில் இருந்தவர் ஓர் இளம் பெண் மருத்துவர். புள்ளிகளை விரலால் அழுத்திப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். செத்தாலும் போனில் சார்ஜ் இருக்க வேண்டும் என்று சார்ஜரைக் கையோடு கொண்டுவந்திருந்தேன்.

"அதக் கொஞ்சம் குடுங்க சார்."

பிளக்கின் இரண்டு முனைகளையும் என் கெண்டைக்காலில் வைத்தார். புள்ளிக்குப் புள்ளி பொருந்தியது. விடிய விடிய அதன்மேல் காலைப் போட்டுத் தூங்கியிருக்கிறேன். அப்போது மணி 7.15.

இருந்தாலும் அவர் கடமையில் குறை வைக்கவில்லை. ரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் விட்டு, இருபது நிமிடம் உறைகிறதா என்று பார்த்தார். உறைந்தது. "நல்லா இருக்கீங்க, போய்ட்டு வாங்க" என்றார். பையன்கள் வராந்தாவில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். "அண்ணனக் கடிச்சது ரெண்டு பின் பாம்பு" என்றான் சதீஷ். நானும் சிரித்தேன். உயிர் திரும்பி வந்தவனுக்குப் பசியும் திரும்பி வந்தது.

7.50. கடைத்தெருவில் நாஷ்டா. இட்லி பத்து ரூபாய். நான் ஆறு தின்றேன். விக்கிக்கு வயிறு சரியில்லையே என்று இரண்டு மட்டும் பார்சல் வாங்கினோம். அவசரம் எதுவும் இல்லை. வெயில் இதமாக இருந்தது. இன்னொரு டீயும் குடித்தோம்.

8.35. வேனில் ஏறும்போது எதிரே ஒரு பைக் வந்தது. ஓட்டியவர் வெள்ளையன். பின்னால் அவர் மனைவி. நடுவில், வெள்ளையன் முதுகோடு சேர்த்துப் புடவையால் கட்டப்பட்டு விக்கி. அவன் தலை பின்னால் தொங்கியது.

வெள்ளையன் எங்களைப் பார்த்து நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரிக்குள் போன பிறகுதான் பேசினார்.

"நீங்க போன கொஞ்ச நேரத்துல எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுதுன்னான். ஏழு மணிக்குக் கண்ணே தொறக்க முடியல. நாக்கு கொழறிச்சு. வண்டி எங்கிட்ட இல்லீங்க, கீழ் கொல்லைக்கு ஓடிப்போய்க் கேட்டு வாங்கியாந்தேன். பாயை எடுத்தப்ப மூட்டைக்கு அடியில வால் தெரிஞ்சிது. கட்டுவிரியன். அது கடிச்சா வலிக்கவே வலிக்காதுங்க."

மருத்துவர் விக்கியின் இமையைத் தூக்கிப் பார்த்தபடியே கேட்டார். "எப்பக் கடிச்சுது? யாரு பக்கத்துல படுத்திருந்தது?"

யாருக்கும் தெரியவில்லை.

"அது என் பாய்ங்க" என்றேன் நான். அவர் கேட்டதற்கு அது பதில் இல்லை.

விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். மூச்சு ஏற்கெனவே குறைந்திருந்தது. தொண்டையில் குழாய் போட்டு, பையை அழுத்தி அழுத்திக் காற்றைச் செலுத்தினார்கள். கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று ஆம்புலன்ஸ் வரவழைத்தார்கள். கூட ஓர் ஆளுக்குத்தான் இடம். சதீஷ் ஏறினான். நாங்கள் வேனில் பின்தொடர்ந்தோம். அன்று மலை முழுக்க வெயில். முந்தைய நாள் கண்ணை மூடிக்கொண்டு ஏறிய சாலையை இப்போதுதான் முழுதாகப் பார்த்தேன். அழகான சாலை. ஆம்புலன்ஸ் கண்ணாடிக்குள் ஒரு நர்சின் முழங்கை ஒரே சீராக மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. அடிவாரம்வரை அதையேதான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மாலையில் விக்கியின் அப்பா வந்தார். யாரோ போனில் அரைகுறையாகச் சொல்லியிருக்கிறார்கள்: மலையில் இரண்டு பேருக்குப் பாம்பு கடித்துவிட்டது என்று. தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு வெளியே என்னைக் கண்டதும் என் காலைத்தான் முதலில் பார்த்தார்.

"உங்களுக்கு இப்ப இன்னா சார், தேவலையா?"

"பரவாயில்லீங்க" என்றேன்.

பையன்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அதன்பின் ஐந்து நாள் அந்த வராந்தாவில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். டீ வாங்கிவந்தால் எனக்கும் சேர்த்தே வாங்கிவந்தார். ஒருமுறை, நிற்காதீர்கள், கால் வலிக்கும் என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் உட்கார்ந்தேன்.

ஆரணியில் இப்போது சார்ஜர் கதை பரவிவிட்டது. ஏழுமலை சொல்லியிருக்க வேண்டும். பில் கவுண்டரில் நின்று, "இன்னாண்ணே, ரெண்டு பின் பாம்பாமே" என்று கேட்கிறார்கள். கேட்பவர்கள் பாதிக் கதைதான் அறிந்தவர்கள். மீதியை அவர்களுக்காகவும், விக்கியின் அப்பாவுக்காகவும் எழுதி வைக்கிறேன்.

எலிக்குப் பயந்து பாயை மாற்றச் சொன்னது நான். அவன் வேனில் வருகிறேன் என்றபோது வேண்டாம் என்றது நான். நான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தது காலை 7.05. அவன் வந்து சேர்ந்தது 8.40. வெள்ளிக்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு விக்கி இறந்தான்.