சாமி வெளியே போயிருந்த நாள்

சித்தப்பா விட்டுச் சென்ற பொருள்களில் நான் எனக்கென்று எடுத்துக்கொண்டது ஒரே ஒரு வரைபடத் தாள். அதைச் சன்னலுக்கு நேரே பிடித்தால் ஓர் இடத்தில் மட்டும் வெளிச்சம் கூடுதலாக ஊடுருவும். பென்சிலால் தீட்டி, ரப்பரால் அழித்து, மறுபடி தீட்டி, மறுபடி அழித்து, கட்டைவிரல் நக அளவுக்கு அந்த இடம் நைந்து போயிருக்கிறது. சுற்றிலும் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. நீல மையில் ஆறுகள், பழுப்பில் மலைக் கோடுகள், கறுப்பில் ஊர்ப் பெயர்கள். இரண்டு ஓடைகள் வந்து ஆற்றில் சேரும் அந்த முனை மட்டும் அழுக்குச் சாம்பல் நிறம். அவர் இறந்த அன்று பீரோவைத் திறந்து இதைத்தான் முதலில் பார்த்தேன். அழுகை வரவில்லை. மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, வந்தவர்களுக்குக் காப்பி போடப் போய்விட்டேன்.

அப்பாவின் தம்பி அவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. புனேயில் கட்கியில் எங்கள் இரண்டு அறை வீட்டில் எங்களோடேயே இருந்தார். வரைபடம் வரையும் அரசாங்க வேலை. சஹ்யாத்ரி மலை மேற்கே சரிந்து கொங்கணத்தில் இறங்குகிற ஒரு மாவட்டத்துக்கு, அதன் நிலம், வரலாறு, கோயில்கள் எல்லாம் அடங்கிய புத்தகம் ஒன்றை அவருடைய அலுவலகம் தயாரித்தது. கோயில் பகுதியை இவர் தலையில் கட்டினார்கள். மதராசி என்றால் கோயில் தெரிந்திருக்கும் என்று மேலே யாரோ முடிவு செய்திருக்க வேண்டும். இவரோ எங்கள் தெருமுனைப் பிள்ளையாருக்குக்கூடக் கையெடுக்காதவர்.

ஆனால் வேலை என்று வந்துவிட்டால் பிடிவாதம். கண்ணால் பார்க்காத எதையும் எழுத மாட்டார். வெளியே மழை என்று சொன்னால் சன்னல் வழியே கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் குடையை எடுப்பார். "தம்பி, நான் சோறு வடிச்சாச்சுன்னாலும் மூடியத் திறந்து பாத்துட்டுதான் உக்காருவீகளா?" என்று அம்மா கேலி செய்வாள். "பாத்துட்டா நல்லதுதான மதினி" என்பார், சிரிக்காமல்.

அந்த மாவட்டத்தில் நான்கு வருடம் நடந்தார். பஸ் நிற்கிற இடத்திலிருந்து நடை, ஓடையைத் தாண்டி நடை. மேலே கறுப்புப் பாறை, கீழே செம்புரைக்கல், இரண்டுக்கும் நடுவே மழைக்காலத்தில் மட்டும் ஓடுகிற நூறு ஓடைகள். எங்கே கோயில் இருக்கும் என்பதை அவராகவே கண்டுபிடித்து வைத்திருந்தார். கடற்கரையிலிருந்து உப்பு ஏற்றிய பொதிமாடுகள் கணவாய் ஏறுவதற்கு முன் எங்கே தண்ணீர் குடித்தனவோ, அங்கே ஒரு கோயில் இருக்கும். "உப்பு போன வழியப் பிடிச்சிட்டே போனா சாமி தன்னால வரும்" என்று சொல்லுவார். வீட்டில் யாரும் கேட்டதாக நினைவில்லை. நான் பத்தாவது பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன், எனக்கும் அதில் அக்கறை இல்லை.

தாளில் இரண்டு குறிகள் உண்டு. வழிபாடு நடக்கிற கோயிலுக்கு உள்ளே கறுப்பு நிரப்பிய கோபுரம். கைவிடப்பட்ட கோயிலுக்கு வெறும் கோட்டு உருவம். அந்த இரண்டு ஓடைகள் சேரும் ஊருக்கு அவர் போனது ஹோலியை ஒட்டிய நாள்களில். ஊரில் ஈ காக்கை இல்லை. கல்லால் கட்டிய சின்னக் கோயில், கதவு திறந்து கிடந்தது. கருவறைக்குள் ஒரு மரப் பலகை. அதன் மேல் ஒன்றும் இல்லை. விளக்கும் இல்லை. வெளியே வந்து ஒரு மணி நேரம் காத்திருந்தார். யாரும் வரவில்லை. வெறும் கோட்டை வரைந்துவிட்டு, கடைசி பஸ்ஸைப் பிடிக்க நடந்தார்.

வேறு யாராவது போயிருந்தால் ஒருவேளை சந்தேகப்பட்டிருப்பார்கள். சித்தப்பா திருநெல்வேலிப் பக்கம் பிறந்தவர். அவருக்குத் தெரிந்த கோயிலில் உற்சவர்தான் ஊர்வலம் போவார். மூலவர் என்ன நடந்தாலும் இருந்த இடத்தை விட்டு அசைய மாட்டார். கருவறை காலி என்றால் அந்தக் கோயில் செத்துப்போனது. அந்த ஊரில் மூலவர் என்று தனியாக ஒருவர் இல்லை என்பதோ, பலகையில் இருக்கும் வெள்ளி முகங்கள்தான் சாமி என்பதோ, ஹோலி வந்தால் அந்த முகங்களையே பல்லக்கில் வைத்துக்கொண்டு மொத்த ஊரும் மலைக் குடிசைகளுக்கெல்லாம் வீடு வீடாகப் போய்விடும் என்பதோ அவருக்குத் தெரியாது. கேட்கவும் ஆள் இல்லை. புத்தகம் அச்சானது. அந்த ஊரின் பெயருக்கு எதிரே "வழிபாடு இல்லை" என்று இருந்தது.

நான் கல்லூரி முடித்த வருடம் மே மாதத்தில் அந்த ஊரிலிருந்து இரண்டு பேர் கட்கிக்கு வந்தார்கள். ஒருவர் பூசை செய்கிற குரவர், இன்னொருவர் அவருடைய தம்பி. ஆற்றுக்குக் குறுக்கே அணை எழும்பியிருந்தது. மழைக்கு முன் மதகை அடைக்கப்போகிறார்கள். வழிபாட்டில் இருக்கிற கோயில்களைக் கல் கல்லாகப் பிரித்து மேட்டில் கட்டித் தருவதாக ஏற்பாடு. இவர்கள் கோயில் பட்டியலில் இல்லை. கேட்டால் அதிகாரிகள் புத்தகத்தைக் காட்டுகிறார்கள். எழுதியவரே தவறு என்று எழுதிக் கொடுத்தால் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். நான் டீ கொண்டுபோய் வைத்தேன். குரவர் கோபப்படவே இல்லை. "தேவ் பாஹேர் கேலா ஹோதா, சாஹேப்" என்றார். சாமி வெளியே போயிருந்தது, அவ்வளவுதான்.

சித்தப்பா உடனே எழுதிக் கொடுக்கவில்லை. வந்து பார்க்கிறேன் என்றார். மராத்தியில் அவர் கொஞ்சம் தடுமாறுவார் என்பதால் என்னையும் அழைத்துக்கொண்டு மறுநாளே கிளம்பினார். நாங்கள் போனபோது ஊரைக் காலி செய்திருந்தார்கள். வீடுகளுக்குக் கூரை இல்லை. கோயிலுக்குள் குனிந்து போனார், நான் வாசலில் நின்றேன். அதே பலகை. மேலே ஒன்றும் இல்லை. சனங்கள் போன இடத்துக்குச் சாமியையும் கொண்டுபோயிருந்தார்கள். மேட்டில் தகரக் கொட்டகைகளின் வரிசையில் ஒன்றில் அந்த வெள்ளி முகங்கள் பூவோடும் விளக்கோடும் இருந்தன. சித்தப்பா அவற்றை வெகுநேரம் பார்த்தார். கொட்டகைக்கு வெளியே வந்ததும் நான் கேட்டேன்.

"எழுதிக் குடுத்துருங்க சித்தப்பா. இவங்க பொய் சொல்லுத மாதிரியா இருக்கு?"

"பொய்யின்னு நான் சொல்லலையே. இங்க இருக்கத பாத்தேன். அங்க இருந்தத பாக்கலட்டி. அன்னைக்கும் காலி, இன்னைக்கும் காலி. பாக்காம எப்படி எழுத?"

யோசித்துச் சொல்கிறேன் என்று குரவரிடம் சொல்லச் சொன்னார். நான்தான் மராத்தியில் சொன்னேன். பஸ் ஏறும்வரை குரவர் கூடவே வந்து, எனக்கு ஒரு பை நிறையக் காட்டு நாவல்பழம் கொடுத்தார். அவர் மேல் எனக்கு இரக்கம் வந்ததா என்று இப்போது நினைத்துப் பார்த்தால் சரியாகத் தெரியவில்லை. வெயிலாக இருந்தது, வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது.

ஜூனில் மழை. அந்தத் தாளை எடுத்து மேசையில் விரித்துக்கொண்டு சித்தப்பா உட்கார ஆரம்பித்தது அப்போதுதான். வெற்றுக் கோபுரத்துக்குள் பென்சிலால் கறுப்பு நிரப்புவார். பார்த்துக்கொண்டே இருப்பார். அழிப்பார். அம்மா சாப்பிடக் கூப்பிட்டால் எழுந்து வருவார். தசராவுக்கு முதல் நாள் கடிதத்தை எழுதி என்னிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொன்னார். இரண்டே வரி. தான் பார்த்தது தவறு என்று. நிலம் நீரில் மூழ்கிவிட்டதால் இனி நடவடிக்கை எதுவும் தேவையில்லை என்று பதில் வந்தது. அதைப் படித்துவிட்டு வரைபடத்தோடு சேர்த்து வைத்தார்.

அடுத்த ஹோலி கழிந்து குரவரின் தம்பி பிரசாதத் தேங்காயோடு வீடு தேடி வந்தார். திட்டவில்லை. பல்லக்கு இந்த வருடம் தகரக் கொட்டகையிலிருந்து கிளம்பியதாகச் சொன்னார். அம்மா அந்தத் தேங்காயைத் துவையல் அரைத்தாள். சித்தப்பா சாப்பிட்டார். அதற்குப் பிறகும் இருபது வருடம் இருந்தார், பென்ஷன் வாங்கினார், காலையில் நடந்தார். ஆனால் மழை பெய்கிறதா என்று கையை நீட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டார். யார் என்ன சொன்னாலும் சரி என்று சொல்லப் பழகிவிட்டார். அந்தச் சரிதான் எனக்குப் பொறுக்கவில்லை.

எனக்கு இப்போது புனேயிலேயே மகர்பட்டாவில் வேலை. நானும் வரைபடக்காரிதான், ஆனால் ஓர் இடத்துக்கும் போனதில்லை. இணைய வரைபடத்தில் மக்கள் அனுப்புகிற திருத்தங்களைக் கண்ணாடி அறையில் உட்கார்ந்து சரிபார்க்கிறேன். புதுக் கடை, மூடிய பள்ளிக்கூடம், பெயர் மாறிய தெரு. கட்டடம் என்று சொல்லப்படும் புள்ளி தண்ணீருக்குள் விழுந்தால் நிராகரிக்க வேண்டும் என்பது விதி. ஒரு நாளில் எத்தனையோ நிராகரிப்பேன், எதுவும் மனதில் நிற்பதில்லை.

போன மாதம் நீலத்துக்கு நடுவே ஒரு கோயில் புள்ளி வந்தது. நிராகரித்தேன். மறுவாரம் வந்தது, நிராகரித்தேன். மூன்றாவது முறை மராத்தியில் ஒரு குறிப்பும் இருந்தது. தண்ணீர் இறங்கினால் கூரை தெரியும், வந்து பாருங்கள் என்று. அணைக்கு முந்தைய பழைய நில வரைபடத்தைத் திறந்து அடியில் வைத்தேன். இரண்டு ஓடைகள் ஆற்றில் சேரும் முனை. அந்த வளைவை எனக்குத் தெரியும். இரண்டு முறை நிராகரித்தது நான்தான் என்று திரையில் என் பெயர் இருந்தது.

வந்து பாருங்கள் என்கிறார்கள். காரில் ஐந்து மணி நேரம். நான் போகவில்லை. விதியை மீறுவதற்கான காரணத்தைக் கேட்கும் கட்டத்தில் "நேரில் பார்த்தேன்" என்று பொய் எழுதி ஏற்றுக்கொண்டேன். நீலத்தின் நடுவே சின்னக் கோபுரம் தோன்றியது. பெரிய நிம்மதி எதுவும் வரவில்லை. அடுத்த திருத்தம், ஹடப்சரில் ஒரு மருந்துக்கடை, காத்திருந்தது. அதையும் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து சித்தப்பாவின் தாளைச் சாப்பாட்டு மேசையில் விரித்தேன். மகளின் பென்சிலை வாங்கி நன்றாகச் சீவிக்கொண்டேன். அவர் கடைசியாக அழித்து வைத்திருந்த அந்தச் சாம்பல் இடத்தில், கோபுரத்தை வரைந்து உள்ளே கறுப்பு நிரப்பிவிட வேண்டும் என்று நினைத்தேன். அழுத்தக்கூட இல்லை. பென்சில் முனை தாளைத் துளைத்துக்கொண்டு மேசைவிரிப்பில் போய் நின்றது.