மழைக்கு உறங்கியவர்

என் கோணல் எழுத்தையும் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான்.

ஈப்போவில் எங்கள் ரப்பர்த் தோட்டத்தை ஒட்டிய திடலில் யாழ்ப்பாணத்து இளைஞர் ஒருவர் ஏரோப்பிளேன் ஓட்டப் பழகினார். வெயிலில் கறுத்த முகம். பறக்கும்போது போடும் கண்ணாடியால் கண்களைச் சுற்றி மட்டும் வெளுத்திருக்கும். விடிந்ததும் பறப்பார், இறங்கியதும் தடித்த புத்தகம் படிப்பார். மழை விழுந்தால் புத்தகத்தை மூடிவிட்டுக் கொட்டகைப் பலகையில் படுத்துவிடுவார்.

ஒருநாள் மழைக்கு அங்கே ஒதுங்கினேன். மரம் நனைந்தால் பால் வெட்ட முடியாது, சம்பளமும் கிடையாது.

"அடுத்த வாரம் பரீட்சைன்னாங்களே ஐயா, படிக்கலையா?"

"படிக்கிற நேரம் படிச்சிட்டன் அண்ணை. இது மழை தந்த நேரமெல்லோ. நீங்களும் கொஞ்சம் படுங்கோ."

"எங்களுக்கு மழை தர்றது பட்டினிதான் ஐயா."

அவர் நகர்ந்து இடம் விட்டார். படுத்தேன். அவர் உடனே குறட்டை விட்டார். நானோ, மழை விட்டால் கங்காணி வேறு வேலைக்குக் கூப்பிடுவாரே என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன்.

மழை விட்டதும் அவர் தெளிவாக எழுந்து பறக்கப் போனார். அந்த ஏரோப்பிளேன்மேல் எனக்கு ஆசையே இல்லை. அந்தத் தூக்கத்தின்மேல்தான் பொறாமை. அது இன்னும் தீரவில்லை.

ஐப்பசி பன்னிரண்டு. காலையிலிருந்து மழை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.