டைனோசர் கல்லில் தேங்காய்

சிறீதரன் அண்ணைக்குத் தேங்காய் உடைக்காமல் எதையும் தொடங்கத் தெரியாது. கார் வாங்கினாலும் தேங்காய், மகள் ஹரிஷா சோதனைக்குப் போனாலும் தேங்காய். நான் வீடு மாறியபோது என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் வாசலிலும் ஒன்றைப் போட்டு உடைத்தார். டீட்டிகோன் நகரில் அவர் இருக்கும் தொடர்மாடியைப் பராமரிப்பவர் சிரட்டைத் துண்டும் கையுமாக வந்து எத்தனையோ தரம் கதவைத் தட்டியிருக்கிறார். அண்ணை மன்னிப்புக் கேட்டு, கூட்டித் துடைத்துவிட்டு, அடுத்த முறை கார் தரிப்பிடத்தின் மற்ற மூலையில் உடைப்பார். சூக் நகரத்தில் ஒரு உணவகத்துச் சமையலறையில் அவரோடு பல வருடம் நின்றவன் என்ற உரிமையில் சொல்கிறேன், பிடிவாதத்தில் அவரை வெல்ல ஆளில்லை.

எண்பதுகளில் அகதியாக வந்து, கோப்பை கழுவி, பிறகு சமையல்காரரானவர். அடுப்படியில் அவர் குரல்தான் பெரிது. மகளின் பள்ளிக்கூடத்தில் டொச், அதுதான் ஜேர்மன் மொழி, பேசவேண்டும் என்றால் மட்டும் வாய் ஒட்டிவிடும். பெற்றோர் கூட்டங்களுக்கு மனைவி சிவகலாவைத்தான் அனுப்புவார். "என்ர டொச்சைக் கேட்டாப் பிள்ளைக்கு வெக்கமாயிருக்கும், குணம்" என்று என் பெயரைச் சொல்லி என்னிடம் சொல்வார். பிள்ளை ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. இந்த ஒரு விஷயத்தில் எனக்கு அவர்மேல் சரியான கோபம்.

ஹரிஷா இங்கேயே பிறந்தவள். பல்கலைக்கழகத்தில் புவிச்சரிதவியல் படித்தாள். டொக்டருக்குப் படிக்காமல் கல்லைப் படிக்கிறாளே என்று சொந்தக்காரர் மூக்கைச் சுளித்தார்கள். இரண்டாயிரத்துப் பதினாறு கோடையில் யூரா மலைப்பக்கம் ஒரு பழைய கல்குவாரியில் அவளுக்கு வேலை கிடைத்தது. பதினைந்து கோடி வருடத்துக்கு முன் டைனோசர்கள் நடந்த தடங்கள் அங்கே பாறையில் அப்படியே இருக்கின்றன. பார்க்க வருபவர்களைக் கூட்டிப்போய் விளங்கப்படுத்துவதுதான் வேலை. முதல் ஞாயிற்றுக்கிழமை பொறுப்பாளர் கெல்லர் அம்மா கூடவே நின்று பார்ப்பார். அவருக்குப் பிடித்தால்தான் வேலை நிரந்தரம். "அப்பா, நீங்கள் கட்டாயம் வரவேணும்" என்று ஹரிஷா சொல்லிவிட்டாள். அன்றைக்கு சிவகலா அக்காவுக்கு வேலை. அதனால் தைரியத்துக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார்.

நல்ல வெயில். சாய்ந்து நின்ற வெள்ளைப் பாறையில் தாம்பாளத் தட்டு அளவில் பள்ளம் பள்ளமாகத் தடங்கள் மேலே ஏறிப்போயின. குறுக்கே கயிறு கட்டியிருந்தது. கயிற்றைத் தாண்டக்கூடாது என்று பலகை. அண்ணை அதை எழுத்துக்கூட்டி வாசித்து, மரியாதையாகப் பின்னால் தள்ளி நின்றார். ஹரிஷாவும் கெல்லர் அம்மாவும் கொஞ்சம் தள்ளி, வந்த சனத்தோடு கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் அண்ணை பைக்குள் கையை விட்டார். எனக்கு விளங்கிவிட்டது.

"அண்ணை, இஞ்சை வேண்டாம்."

"கயித்துக்கு வெளியாலைதானே உடைக்கிறன். பிள்ளை துவங்க முதல் உடைக்கவேணும், சும்மா இரு."

புல்லில் ஒரு தட்டையான கல் கிடந்தது. கண்ணை மூடிப் பிள்ளையாரைக் கும்பிட்டு, ஓங்கி அடித்தார். மலை முழுக்கச் சத்தம் கேட்டது. சிரட்டை சிதறியது. தேங்காய்த் தண்ணீர் ஓடிப்போய்க் கல்லில் இருந்த ஒரு குழியில் தேங்கியது. தேங்கிய பிறகுதான் குழியின் உருவம் தெரிந்தது. மூன்று விரல்.

கெல்லர் அம்மா ஓடி வந்தார். முகத்தில் இரத்தமில்லை. குளிர்காலத்தில் மேலேயிருந்து கழன்று விழுந்த கல் அது. அதைச் சுற்றி இன்னும் வேலி போடவில்லை. கயிறு சனத்துக்கு நடக்கும் வழியைக் காட்டத்தான், இந்தச் சரிவு முழுவதுமே பாதுகாக்கப்பட்ட இடம் என்று சொல்லிக்கொண்டே குனிந்து கல்லைத் தடவினார். பிறகு நிமிர்ந்து கேட்டார்:

"நீங்கள் ஹரிஷாவின் ஆட்களா?"

அண்ணை மகள் நின்ற பக்கம் திரும்பவே இல்லை. தன் சமையலறை டொச்சில் சொன்னார்:

"இல்லை. அந்தப் பிள்ளையை எனக்குத் தெரியாது."

கெல்லர் அம்மா நம்பிவிட்டார். பெயரையும் விலாசத்தையும் கேட்டார். ஹரிஷா இனி வாயைத் திறக்காமல் நின்றாலே போதும், அவள் வேலை தப்பிவிடும்.

அவளுக்கும் அது கேட்டிருந்தது; நேரே வந்து அப்பாவின் கையைப் பிடித்தாள். வந்த சனம் எல்லாருக்கும் கேட்கத் தெளிவான டொச்சில் சொன்னாள்: "இவர் என் அப்பா. நல்ல காரியம் தொடங்கும்போது எங்கள் ஆட்கள் தேங்காய் உடைப்பது வழக்கம். எனக்காகத்தான் உடைத்தார். என்ன கல்லென்று தெரியாமல் செய்த பிழை. நான் முதலே சொல்லி வைத்திருக்கவேண்டும்."

கெல்லர் அம்மா மறுபடி குனிந்து கல்லைப் பார்த்தார். தடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, ஓரத்தில்தான் சின்னதாக ஒரு துண்டு பெயர்ந்திருந்தது. மேலிடத்துக்கு அறிவிக்கத்தான் வேண்டும் என்றார். பிறகு பக்கத்திலிருந்த குடிசைக்குள் போய் ஒரு வாளித் தண்ணீரும் இரண்டு மெல்லிய தூரிகையும் கொண்டுவந்து கொடுத்து, "சுத்தம் பண்ணுங்கள், பிறகு தொடங்கலாம்" என்றார். ஹரிஷாவுக்கு வேலை நிரந்தரமானது. அது பிறகு நடந்த கதை, அந்த நேரத்தில் எங்கள் யாருக்கும் தெரியாது.

அப்பாவும் மகளும் முழந்தாளில் இருந்து கல்லைத் துடைத்தார்கள். நான் சிரட்டை பொறுக்கினேன். அவள் தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்:

"என்னைத் தெரியாதெண்டு எப்பிடியப்பா சொன்னனீங்கள்?"

"உன்ர வேலை போயிடுமெண்டு பயந்திட்டன், பிள்ளை."

"வேலை போனா வேற வேலை தேடுவன். அப்பாவை எங்கை போய்த் தேடுறது?"

கல் எப்போதோ சுத்தமாகிவிட்டது. அண்ணை குனிந்தபடி துடைத்துக்கொண்டே இருந்தார்.