திருப்பி வாங்கிய பொன்னாடை

ஊரறிய ஒரு மனிதரின் தோளில் போர்த்திய பொன்னாடையை நான் பொய் சொல்லித் திருப்பி வாங்கினேன். அப்போது எனக்குப் பத்து வயது. பத்து வயதில் பொய் எதுவென்று தெரியும்; ஆகவே வயதைச் சாக்காகச் சொல்லப்போவதில்லை.

நெய்வேலி நகரியத்தில் அந்நாளில் ஜில்லாவுக்கு ஒரு சங்கம் இருந்தது. எங்கள் திருநெல்வேலிக்காரர் சங்கத்துக்கு அப்பா செயலாளர். பொங்கலை ஒட்டி விழா எடுத்து, நம் மக்களுக்கு உழைத்தவர்கள் என்று இரண்டு மூன்று பேருக்குப் பொன்னாடை போர்த்துவார்கள். போர்த்துகிறவர்களும் போர்த்தப்படுகிறவர்களும் அநேகமாக அதே ஆட்கள்தாம். ஆண்டுக்கு ஆண்டு இடம் மாறி நிற்பார்கள். ஆடைகளும் அதே ஆடைகள்தாம். மேடையை விட்டு இறங்கியதும் மடித்துக் கொடுத்துவிட வேண்டும். அம்மா அவற்றைப் பாச்சை உருண்டை போட்டு டிரங்குப் பெட்டியில் அடுத்த ஆண்டுக்கு வைத்திருப்பாள்.

அந்த ஆண்டு முதன்முறையாக ஓர் உள்ளூர்க்காரரை அழைத்திருந்தார்கள். வீரமுத்து என்று வைத்துக்கொள்வோம். பெயரை ஏன் மாற்றுகிறேன் என்பது பின்னால் தெரியும். காடாம்புலியூர்ப் பக்கத்திலிருந்து மைன்ஸுக்குக் காண்ட்ராக்ட் வேலைக்கு வந்தவர். அதற்கு முந்தைய மழைக்காலத்தில் புயலடித்து மரங்கள் சாய்ந்து, எங்கள் பிளாக்கிலிருந்து எந்த வண்டியும் வெளியே போக முடியவில்லை. அன்றைக்குப் பார்த்து அம்மாவுக்கு வலி எடுத்தது. எங்கள் ஜில்லா ஜனங்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு கவலைப்பட்டார்கள். வீடு திரும்ப வழியில்லாமல் நின்ற வீரமுத்துவும் அவருடைய ஆட்களும் அம்மாவைக் கயிற்றுக் கட்டிலில் வைத்துத் தூக்கி, கிடந்த மரங்களின்மேல் ஏறி இறங்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தங்கை பிறந்தாள். மறுநாள் அவர் தம் ஊர் ஆட்களைக் கோடாலியோடு கூட்டிவந்து சாலையையும் திறந்துவிட்டார்.

அவருக்கென்று அப்பா பண்ருட்டிக்குப் போய்ச் சிவப்பில் ஜரிகைக் கரை வைத்த புது ஆடை வாங்கிவந்தார். என்னிடம் கண்டிப்பாகச் சொன்னார்: "ஏல, மத்தவங்ககிட்ட மடிச்சு வாங்கிட்டு வா. அவருகிட்ட மட்டும் கேட்டுராத, என்னா? அது அவருக்கே."

எனக்கோ வேறொரு கவலை. அடுத்த வாரம் பள்ளி நாடகத்தில் நான் பாண்டிய ராஜா. முதுகில் தொங்கவிட ஒன்றும் கிடைக்காமல் அம்மாவின் புடவையைக் கட்டிக்கொண்டு ஒத்திகைக்குப் போனதில், மந்திரி என்னை "வாங்க மகாராணி" என்றான்.

விழா முடிந்து வீரமுத்து பந்தலோரம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் மனைவி ஜரிகையை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"இப்பிடியே போத்திகினு வா. நம்ம தெருவுல சொன்னா ஒருத்தரும் நம்பமாட்டாங்க."

"போத்திகினு ஓட்டுனா வீல்ல மாட்டிக்கும்டி. ராஜா வேசக்காரன் கீழ வுழுந்து கெடக்கறான்னு வேடிக்க பாப்பாங்க."

நான் போய் நின்றேன். "சங்கத்துல பொன்னாடையைத் திருப்பிக் கேட்டாங்க."

"போத்துனதக் கேப்பாங்களா?" என்றார் அந்த அம்மாள்.

எதிரே சங்கத் தலைவர் தம் ஆடையை மடித்து மேசைமேல் வைத்துக்கொண்டிருந்தார். வீரமுத்து அதைப் பார்த்தார். "இங்க அதான் வழக்கமாட்டம் இருக்குது. எம்மாம் பெரிய மனுசர், அவரே குடுக்கறாரு பாரு." அவசரமாகக் கழற்றி என் கையில் வைத்தார். "தெரியாம நின்னுட்டேன் தம்பி. தப்பா நெனச்சிக்க வேணாம்னு அப்பாகிட்ட சொல்லு."

நான் சொல்லவில்லை. நாடகத்தன்று அப்பாவுக்கு இரண்டாம் ஷிப்ட்; அம்மா கைக்குழந்தையோடு வீட்டில். எனக்குக் கைத்தட்டல் பலமாகக் கிடைத்தது. பிறகு அந்த ஆடை என் புத்தகப் பெட்டியின் அடியில் கிடந்து எலி கடித்து வீணானது. அது வீரமுத்துவின் வீட்டில் இருப்பதாகவே அப்பா கடைசிவரை நம்பினார்.

சென்ற மாதம் ஒரு புதிய பொன்னாடையோடு அந்த வீட்டைத் தேடிப் போனேன். அவரும் மனைவியும் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. மகன் இருந்தார், மைன்ஸில் பெர்மனென்ட் ஆகி ஓய்வு பெற்றவர். "கட்டில்ல தூக்கிகினு போனாங்களே, அந்த வூட்டுப் புள்ளைங்களா?" என்று பலாச்சுளை கொடுத்து உபசரித்தார். அவருக்குப் போர்த்தினேன். கூச்சத்தோடு சிரித்தார். நான் புறப்பட எழுந்ததும், அழகாக மடித்து என்னிடமே நீட்டினார்.

"இது உங்களுக்குத்தான்."

"அதெப்பிடிங்க சார்? எங்க ஊர்ல யாருக்குப் போத்துனாலும் எறங்குனதும் குடுத்துடுவாங்க. எங்கப்பாரு டவுன்ஷிப்புலேந்து கொண்டாந்த வழக்கம். படிச்சவங்க அப்பிடித்தான் செய்வாங்கன்னு சொல்லிகினே இருப்பாரு. ஒரே பொன்னாடைதான் சார், ஊர்ல அத்தன பேரும் போத்திகினாங்க."

மீண்டும் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்: நாடகம், பொய், எலி. அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் எழுந்துபோய், உள்ளே யார் காதிலும் விழவில்லையே என்று எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"இத வெளிய சொல்லாதீங்க சார். எங்கப்பாரு பேரச் சொல்ல இந்த ஊர்ல அது ஒண்ணுதான் இருக்குது."

சரி என்றேன். பொய் சொன்னவனோடு அது முடிந்துவிடும் என்றுதான் அந்தப் பத்து வயதுப் பையன் நினைத்திருந்தான். நம்பியவரின் மகன் அதைக் கட்டிக்காக்க வேண்டி வரும் என்று அவனுக்குத் தெரியாது. அவர் பேருந்து நிறுத்தம்வரை கூடவே வந்து, பேருந்திலும் ஏறி, பொன்னாடையை என் மடியில் வைத்துவிட்டு இறங்கினார்.